சாய்ந்த படம் நிமிர்ந்த கதை

கடற்கரையில் எடுத்த படத்தில் கடல் ஒரு பக்கமாக வழிந்துவிடும் போலத் தெரிவதைப் பார்த்திருப்போம். 4000 பிக்சல் அகலமுள்ள படத்தை எடுக்கையில் கேமரா 2 பாகை சாய்ந்தாலே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவதற்குள் கடல்கோடு 140 பிக்சல் இறங்கிவிடும். இன்று அந்தக் கோட்டின் மேல் ஓர் இழுப்பு, ஒரு சொடுக்கு, படம் நிமிர்ந்துவிடுகிறது. இந்த எளிமை பிறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஃபிலிம் காலத்தில் இது இருட்டறை வேலை. என்லார்ஜரிலிருந்து நெகட்டிவின் பிம்பம் கீழே விழும். அச்சுத்தாளைப் பிடிக்கும் சட்டத்தை, கடல்கோடு அதன் விளிம்புக்கு இணையாக வரும்வரை மெல்லத் திருப்புவார்கள். எந்தக் கோணத்தில் திருப்பினாலும் பிம்பத்துக்குச் சேதமில்லை. சட்டத்துக்கு வெளியே விழும் மூலைகள் மட்டும் போய்விடும்.

1957-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், கைக்குழந்தையாக இருந்த தன் மகனின் படத்தை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றினார். அகலத்தில் 176, உயரத்தில் 176 சதுரப் புள்ளிகள். அவ்வளவுதான் அந்தப் படம். பிக்சலைச் சதுரமாக வைத்தது தவறு என்று பிற்காலத்தில் கிர்ஷே வருந்தினார். படத்தைச் சுழற்றும்போது அந்த வருத்தத்தின் நியாயம் புரியும்.

கட்டம்போட்ட தாளில் வரைந்த படத்தை 2 பாகை திருப்பி, வேறொரு கட்டத்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். புதிய தாளின் ஒவ்வொரு கட்டமும் பழைய கட்டங்களின் நடுவே எங்கோ விழும். அங்கே என்ன நிறம் தீட்டுவது? அருகிலுள்ள புள்ளியின் நிறத்தை அப்படியே எடுத்தால், கடல்கோடு படிக்கட்டு போல உடையும். சுற்றியுள்ள 4 புள்ளிகளின் நிறங்களைத் தூரத்துக்கேற்பக் கலந்தால் கோடு வழுவழுப்பாகும், ஆனால் கூர்மை சற்றுக் குறையும். 16 புள்ளிகளைக் கலந்தால் தரம் கூடும், கணக்கும் கூடும்.

அன்றைய கணினிகளுக்கு இந்தக் கணக்கு பெரும் சுமை. 1986-ல் ஆலன் பேத் அழகான குறுக்குவழி ஒன்றை வெளியிட்டார். சீட்டுக்கட்டின் பக்கவாட்டில் கைவைத்துத் தள்ளினால் ஒவ்வொரு சீட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கட்டு சாய்கிறதல்லவா? அதேபோலப் படத்தின் வரிசைகளை முதலில் கிடையாக நகர்த்து. பிறகு நெடுவரிசைகளை மேலும் கீழுமாக நகர்த்து. மறுபடி வரிசைகளைக் கிடையாக நகர்த்து. சரியான அளவில் மூன்று முறை நகர்த்தினால் படம் சுழன்றிருக்கும்!

சுழற்றுவது கைகூடியது. எத்தனை பாகை சுழற்றுவது என்பதுதான் பாக்கி. சாய்ந்திருப்பதைக் கண் சட்டென்று சொல்லிவிடும், 1.7 பாகையா 2.3 பாகையா என்று அதனால் சொல்ல முடியாது. எண்ணைத் தட்டி, பார்த்து, செயல்நீக்கி, மறுபடி தட்டி ஓய்ந்தவர்கள் ஏராளம். படத்தை நேராக்கும் கருவி உண்மையில் பிறந்தது இந்தத் தவிப்பில்தான். எண்ணைச் சொல்ல வேண்டாம், கோட்டைக் காட்டினால் போதும் என்று மென்பொருள் இறங்கிவந்தது. ஃபோட்டோஷாப்பில் அளவுகோலால் கடல்கோட்டின் மேல் ஒரு கோடு இழுத்தால், சுழற்றும் பெட்டியில் கோணம் தானாக வந்து உட்கார்ந்தது. 2010-ல் வந்த சிஎஸ்5 பதிப்பில் அதற்கென்றே ஒரு பொத்தான் வைத்தார்கள்.

கிம்ப் இதற்குத் தன் வழியில் வந்தது. 1995-ல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அதன் சுழற்றும் கருவியில் ஒரு ‘திருத்து’ முறை உண்டு: கட்டக்கோடுகளைச் சாய்ந்த கடலோடு பொருத்தினால், படம் அதற்கு எதிர்த்திசையில் திரும்பும். இருட்டறைச் சட்டத்தின் அதே யோசனை! கோணம் அளக்கும் கருவியும் இருந்தது. ஆனால் அளந்த எண்ணை நாமே கொண்டுபோய் வேறு கருவியில் இட வேண்டும். 2018 ஜூலையில் வந்த 2.10.4 பதிப்பு, அளக்கும் கருவியிலேயே ‘நேராக்கு’ பொத்தானைச் சேர்த்து அந்த அலைச்சலை ஒழித்தது.

இன்னும் இரண்டு செலவுகள் மிச்சம். சுழன்ற படத்தின் மூலைகள் காலியாகும். 4000-க்கு 3000 படத்தை 2 பாகை நிமிர்த்தி, அதே விகிதத்தில் வெட்டினால் சுமார் 3824-க்கு 2868 தேறும். பரப்பில் ஏறக்குறைய 8.6 சதவீதம் போய்விடும். அதனால் எடுக்கும்போதே ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுவது நல்லது. இரண்டாவது, ஒவ்வொரு சுழற்றலிலும் புள்ளிகள் கலப்பதால் படம் மழுங்கும். சரியாக வரவில்லையா? செயல்நீக்கிவிட்டு மூலப்படத்திலிருந்தே மறுபடி சுழற்றுங்கள்.

கோட்டைத் தானே தேடிப்பிடித்து நிமிர்த்தும் நிரல்களும் வந்துவிட்டன. ஆனால் மலைச்சரிவையும் சாய்வாக விலகிப்போகும் ஏரிக்கரையையும் அவை கிடைக்கோடு என்று எடுத்துக்கொள்ளக் கூடும். அங்கெல்லாம் தானியங்கியை நம்பாதீர்கள். திறந்த கடலின் கோட்டையோ, நடுவில் நிற்கும் கட்டடத்தின் செங்குத்து மூலையையோ தேர்ந்து நீங்களே இழுங்கள். கணக்கு முழுவதையும் கணினி செய்யட்டும். எது மட்டம் என்று சொல்ல வேண்டியவர், அந்த இடத்தில் நின்று படமெடுத்தவர்தான்.