புத்தளத்து உப்பும் இல்லத்துச் சேமமும்

இல்லத்திலே சேமித்து வைக்கப்பெறும் உலர் உணவுப் பொருள்களுள் விலையாற் குறைந்தது உப்பு. இன்றியமையாமையில் அதனை விஞ்சுவது வேறொன்றில்லை. நெல்லையும் பயற்றையும் மலைநாட்டார் தம் நிலத்திலேயே விளைவித்துக் கொள்வர். உப்போ கடலோரத்திலிருந்தே வருதல் வேண்டும். ஆகவே, கடற்கரையைப் பகைவரிடம் இழந்துவரும் ஒரு நாட்டில் அடுக்களை உப்புப் பானையும் அரசியற் பொருளாகி விடுகின்றது. இவ்வுண்மையை ஈழத்தின் மேற்கே அமைந்த புத்தளக் கரையின் வரலாறு நன்கு விளக்கும்.

புத்தளம் கடனீரேரி ஆழம் குறைந்தது. மழை ஓய்ந்து வெயிலும் காற்றும் மிகும் மாதங்களில் அதன் கரையோரத்தே உப்பு விளையும். அவ்வுப்பும் கரையோரத்துக் கருவாடும் பொதிமாடுகளின் மீது ஏற்றப்பட்டுக் கண்டி நாட்டை அடைந்தன. இப்பொதிமாட்டுக் கூட்டங்கள் தவளம் எனப்பட்டன. அவற்றை நடத்தியவருள் முஸ்லிம்கள் சிறப்பிடம் பெற்றனர். திரும்பும் வழியில் மலைநாட்டுப் பாக்கு கடற்கரைக்கு வந்தது.

1660 ஆம் ஆண்டிற் சிறைப்பட்டு, 1679 இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில் இவ்வுப்பைப் பற்றிக் கூறியுள்ளார். கண்டியரசின் மேற்குப் பகுதிக்குப் புத்தளமும் கிழக்குப் பகுதிக்குத் தென்கிழக்குக் கரையின் உப்பேரிகளும் உப்பளித்தன என்பது அவர் தரும் செய்தி. இடர்க்காலத்தும் போர்க்காலத்தும் இம்மக்கள் தலையாயதாக மதித்தது உப்பையே என்றும், அவருட் பெரும்பாலார் அத்தகைய காலத்துக்கெனத் தம்மிடம் உப்பைச் சேமித்து வைத்திருந்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். ஆயுதக் களஞ்சியம் அரசனிடம் இருந்தது. உப்புக் களஞ்சியமோ ஒவ்வொரு குடியின் வீட்டிலும் இருந்தது.

அச்சேமிப்புக்குக் காரணம் இருந்தது. கற்பிட்டியை 1659 இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667 இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். கடனீரேரியின் வாயிலைக் காத்து நின்ற அக்கோட்டையால் கண்டியரசனின் கடல் வாணிகம் அவர்தம் கண்காணிப்புக்குட்பட்டது. பின்னர் நிகழ்ந்த போரின் முடிவில், 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால், கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கும்பனி வசமாயிற்று. எனினும், புத்தளம், சிலாபம் ஆகிய இடங்களில் உப்பு அள்ளும் உரிமை கண்டிக் குடிகளுக்கு அவ்வுடன்படிக்கையிலேயே குறிக்கப்பட்டது. கரையை இழந்த அரசு உப்பைக் கேட்டுப் பெற்றது. ஆயினும், தன் குடிகளின் உப்பு மாற்றானின் இசைவில் தங்குவதாயிற்று.

உப்பைக் காத்தலும் எளிதன்று. தூய சோடியங் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75 ஐக் கடந்தபின்னரே நீரை உறிஞ்சும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டோ ஏறத்தாழ 33 இலேயே கசியத் தொடங்கும். விளைந்த உப்பைக் குவித்து வைத்தால் அக்கசப்பு நீர் வடிந்துவிடும். ஆதலின், புத்துப்பினும் பழவுப்பே சேமிப்புக்கு உகந்தது. மெருகிடாத மட்பானையில் உப்புநீர் ஊறி, வெளிப்புறத்தே பூத்து, நாளடைவிற் பானையையே உதிர்க்கும். உலோகக் கலத்தை அது அரிக்கும். மெருகிட்ட சாடியே ஏற்றது. மழைக்காலத்தில் உப்பை அடுப்பின் வெப்பம் படுமிடத்தில் வைத்த வழக்கமும் ஈரத்தை விலக்கவே.

இலங்கையில் 1995 முதல் உணவுப்பில் அயடீன் சேர்த்தல் சட்டத்தாற் கட்டாயமாயிற்று. வெப்பமும் ஈரமும் அயடீனைக் குறைப்பன. எனவே அடுப்பங்கரைச் சேமம் இக்கால உப்புக்குப் பொருந்தாது. மூடிய கலமும் குளிர்ந்த இடமும் வேண்டும்.

சேமிக்கும் முறை மாறினும் சேமத்தின் தேவை மாறவில்லை. பெருமழையால் விளைச்சல் குன்றியமையால் 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அன்று பகைவர் செய்த தடையை இன்று வானம் செய்தது. இடர் வருமுன்னரே உப்பைச் சேமித்த மலைநாட்டுக் குடியின் முன்னறிவு இன்றும் எண்ணத்தக்கதேயாம்.