சோலூர் டு சிகாகோ: அமெரிக்காவில் மேற்படிப்பு... முதல் 100 நாளைச் சமாளிப்பது எப்படி?

சோலூர்ல இருந்து ஊட்டிக்கு பஸ். ஊட்டியில இருந்து மலை இறங்கி கோயம்புத்தூர். அங்கிருந்து ஒண்ணு, ரெண்டு ஃப்ளைட் மாறி, மொத்தமா ஒன்றரை நாள் கழிச்சு சிகாகோவுல இறங்கறீங்க. கையில ரெண்டு பெட்டி, ஒரு ஃபைல். அடுத்து என்ன?

எந்த யுனிவர்சிட்டி நல்லது, விசா இன்டர்வியூவில் என்ன கேட்பாங்கனு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. இறங்கினதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு சொல்றவங்க குறைவு. போறவங்க எண்ணிக்கையோ ரொம்பப் பெருசு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். 2009-க்குப் பிறகு முதல்முறையாக சீனாவை முந்தி இந்தியா முதலிடத்துக்கு வந்தது அந்த வருஷம்தான். இவர்களில் 1,96,567 பேர் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்பு மாணவர்கள்.

பசுந்தேயிலை விலையையும் கேரட் விலையையும் நம்பி இருக்கிற ஒரு வீட்டில் இருந்து, பத்திரத்தை வங்கியில் வைத்துக் கிளம்பும் பிள்ளைக்கு இது வெறும் படிப்பு மட்டும் இல்லை. அங்கே ஒரு விதியைத் தெரியாமல் மீறினால்கூட படிப்பு நின்றுபோகலாம், கடன் நிற்காது. அதனால்தான் இந்தக் கைடு.

பெட்டி கட்டும்போதே...

எஃப்-1 விசாவில் போறவங்க, ஐ-20 படிவத்தில் இருக்கும் படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்பிருந்துதான் அமெரிக்காவுக்குள் நுழைய முடியும். 'சீக்கிரம் போய் செட்டில் ஆகிடலாம்'னு அதுக்கு முன்னாடி டிக்கெட் போட்டுடாதீங்க.

பாஸ்போர்ட், ஐ-20, செவிஸ் கட்டண ரசீது, அட்மிஷன் கடிதம், வங்கிக் கடன் ஆவணம், தடுப்பூசிச் சான்று... எல்லாம் கைப்பையில் இருக்கணும். செக்-இன் பெட்டிக்குள் போட்டா, இமிகிரேஷன் கவுன்ட்டர்ல நிற்கும்போது அது உங்க கையில இருக்காது.

சாப்பாட்டுச் சாமான் விஷயத்தில் கறாரா இருங்க. பழம், காய்கறி, விதை, இறைச்சி வேண்டாம். அம்மா பாசமா வெச்சுவிடற கறிவேப்பிலைக்கும் அனுமதி கிடையாது. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பது அவங்க பயம். தோட்டத்து அவரை விதையையும் ஊர்லயே விட்டுடுங்க. பாக்கெட் போட்ட டீத்தூள், மசாலாப் பொடி பிரச்னை இல்லை. ஆனாலும் கஸ்டம்ஸில் 'சாப்பாட்டுப் பொருள் இருக்கு'னு சொல்லிடுங்க. சொன்னா, அதிகபட்சம் பொருளை எடுத்துக்குவாங்க. மறைச்சா அபராதம். துபாய், தோஹா வழியா போறவங்க கசகசாவைத் தொடவே தொடாதீங்க. அந்த நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கில் வரும்.

மிக்ஸி வேண்டாம். நம்ம ஊர் கரன்ட் 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். குக்கர் தாராளமா எடுத்துட்டுப் போகலாம். பல், கண் சிகிச்சை ஏதாவது பாக்கி இருந்தா கோவையிலேயே முடிச்சுடுங்க. மாணவர் இன்ஷூரன்ஸ் திட்டங்கள் பலவற்றில் இந்த ரெண்டும் சேராது.

இறங்கிய முதல் 10 நாள்

1. ஐ-94 பாருங்க: நீங்க நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு இது. எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். பெயர், எஃப்-1 என்ற பிரிவு, தங்கும் காலம் மூணும் சரியா இருக்கானு பார்த்து சேவ் பண்ணி வைங்க.

2. இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆபீஸ் போங்க: அங்கே டி.எஸ்.ஓ என்ற அதிகாரி இருப்பார். படிப்பு தொடங்கிய 30 நாளுக்குள் உங்க பெயரை செவிஸ் என்ற அரசு டேட்டாபேஸில் அவர் பதிவுசெய்தாகணும். இனி படிப்பு முடியும் வரை விசா சம்பந்தமான எந்தச் சந்தேகத்துக்கும் இவர்தான் முதல் ஆள். சீனியர் சொன்னதைவிட இவர் சொல்வதுதான் கணக்கு.

3. முகவரி மாறினால் சொல்லுங்க: தற்காலிகமா நண்பர் ரூமில் தங்கி, அப்புறம் வீடு மாறுவோம். மாறின 10 நாளுக்குள் புது முகவரியைக் கல்லூரியிடம் பதிவு செய்யணும். நிறைய பேர் கோட்டை விடும் இடம் இது.

4. பேங்க் அக்கவுன்ட், சிம்: சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலேயே, பாஸ்போர்ட்டும் ஐ-20யும் காட்டி பல வங்கிகளில் கணக்கு தொடங்கலாம். அந்த எண் கேம்பஸ் வேலை கிடைத்த பிறகுதான் உங்களுக்குக் கிடைக்கும். அதற்காக முதல் வாரமே டென்ஷன் ஆக வேண்டாம்.

வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம்

அமெரிக்காவில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 12 மாதத்துக்கு. ஆறாவது மாதம் 'ரூம்மேட்டுக்கும் எனக்கும் ஒத்துவரலை, கிளம்பறேன்'னு சொன்னா மீதி மாத வாடகையும் உங்க தலையில விழலாம். வேறு ஆளுக்கு உள்வாடகைக்கு விட அனுமதி உண்டா, ஹீட்டர், தண்ணீர், இன்டர்நெட் எதெல்லாம் வாடகைக்குள் அடக்கம்னு கையெழுத்துக்கு முன்னாடியே படிச்சுடுங்க.

இந்தியாவில் இருக்கும்போதே போட்டோ பார்த்து, அட்வான்ஸ் அனுப்பி ஏமாறுவது தொடர்ந்து நடக்குது. 'நான் வெளியூர்ல இருக்கேன், பணம் அனுப்பினா சாவி கூரியர்ல வரும்'னு யாராவது சொன்னா, அங்கேயே பேச்சை நிறுத்துங்க. வீட்டை நேரில் பார்த்த ஒரு ஆள் இல்லாமல் பணம் போகக் கூடாது. முதல் செமஸ்டருக்கு கேம்பஸ் ஹாஸ்டலோ, குறுகிய கால உள்வாடகையோ எடுத்துட்டு, நிதானமா தேடுறது பாதுகாப்பு.

இன்னொண்ணு... தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க. கடுகும் காய்ந்த மிளகாயும் புகைஞ்சா ஸ்மோக் அலாரம் கத்தும். சில அபார்ட்மென்ட்டில் மொத்த பில்டிங்கும் வாசலுக்கு வந்து நிற்கும்!

பணம்: டாலரை ரூபாயால் பெருக்காதீங்க... ஆனா மறந்தும் விடாதீங்க

1993-ல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போன சுந்தர் பிச்சை, 2020-ல் மாணவர்களிடம் பேசும்போது சொன்ன விஷயம் இது. அவர் விமான டிக்கெட்டுக்கு அப்பா செலவழித்தது கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம். வீட்டுக்கு போன் பேச நிமிஷத்துக்கு 2 டாலருக்கு மேல். ஒரு பேக்பேக் விலை, அப்பாவின் ஒரு மாதச் சம்பளம். இன்னைக்கு வாட்ஸ்அப் கால் இலவசம். மத்த கணக்கு பெருசா மாறலை.

ஒவ்வொரு காபியையும் ரூபாயில் கணக்குப் போட்டா சாப்பிடவே மனசு வராது. கணக்கே பார்க்கலைன்னா செமஸ்டர் முடியறதுக்குள்ள கை காலியாகும். நடுவில் ஒரு வழி... வாடகை, சாப்பாடு, போன், பஸ்னு மாத பட்ஜெட்டை டாலரிலேயே போட்டு, டாலரிலேயே கட்டுப்படுத்துங்க.

வங்கிக் கடனில் ஒரு விஷயம். படிக்கும் காலத்திலும், வழக்கமாக அதற்குப் பிறகு ஒரு வருஷம் வரையிலும் தவணை கட்ட வேண்டாம்னு சொல்வாங்க. ஆனா வட்டி முதல் நாளில் இருந்தே ஓடும். முடிந்தால் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டுவது பின்னாளில் பெரிய நிம்மதி. தோட்டத்தை ஈடு வைக்க நினைக்கும் மலை மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு தகவல்: விவசாய நிலத்தை ஈடாக ஏற்காத வங்கிகள் உண்டு. அட்மிஷன் வந்த பிறகு ஓடாமல், முன்னாடியே கேட்டு வைங்க.

அங்கே கிரெடிட் ஸ்கோர் 300-ல் இருந்து 850 வரை. அடுத்த வீடு வாடகைக்கு எடுக்கும்போதும், கார் கடனுக்கும் இதைத்தான் பார்ப்பாங்க. முதல் வருஷம் ஒரு மாணவர் கார்டு வாங்கி, லிமிட்டில் 30 சதவிகிதத்துக்குள் செலவழிச்சு, பில்லை முழுசா கட்டினா போதும், தானா ஏறும்.

வேலை: 20 மணி நேரக் கோடு

செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். லைப்ரரி, கேன்டீன், லேப் எதுவானாலும் சரி. லீவில் முழு நேரம் பார்க்கலாம். கேம்பஸுக்கு வெளியே அனுமதி இல்லாமல் பெட்ரோல் பங்க்கிலோ, ஹோட்டலிலோ கையில் காசு வாங்கி வேலை பார்ப்பது விதிமீறல். 'எல்லாரும்தான் பண்றாங்க'னு சொல்றவங்க, மாட்டினா உங்களுக்காகப் பேச வர மாட்டாங்க.

குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு உதாரணம் 'யுனிவர்சிட்டி ஆஃப் ஃபார்மிங்டன்'. மிச்சிகன் மாநிலத்தில், விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்கக் குடியேற்றத் துறையே நடத்திய போலிப் பல்கலைக்கழகம் அது. வகுப்பே கிடையாது. அதில் சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 2019 ஜனவரியில் பிடிபட்டபோது, பெரும்பாலானவர்கள் இந்தியர்கள்.

போலீஸ் கேஸ் விஷயத்திலும் கவனம். 2025 வசந்த காலத்தில் ஏராளமான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவு திடீரென ரத்தானது. போக்குவரத்து விதிமீறல் மாதிரி சின்ன வழக்கு இருந்தவர்களும் அதில் சிக்கினர். நீதிமன்றங்களில் வழக்கு போன பிறகுதான் பதிவுகள் திரும்ப வந்தன. டிராஃபிக் டிக்கெட் வந்தால்கூட அலட்சியம் வேண்டாம். கட்டி முடிச்சு, ரசீதைப் பத்திரப்படுத்துங்க.

படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி என்ற திட்டத்தில் 12 மாதம் துறை சார்ந்த வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்பாக இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிப்பு கேட்கலாம். நடுவில் இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி உண்டு. அதை முழு நேரமாக 12 மாதம் பயன்படுத்தினால் அதே படிப்புக்கான ஓ.பி.டி போய்விடும் என்பதை மறக்காதீங்க.

இன்டர்வியூவுக்கு கோட் சூட் இல்லையேனு கவலையா? சென்னைப் பொண்ணு இந்திரா நூயி, 1978-ல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். படிக்கும்போது இரவு ரிசப்ஷனிஸ்ட் வேலை பார்த்தார். அந்தக் காசில் வாங்கிய மலிவான சூட்டில் போன இன்டர்வியூ அவருக்குப் பெரிய சங்கடமாக முடிந்தது. 'இந்தியாவில் என்ன உடுத்துவாயோ அதையே உடுத்து'னு யோசனை கிடைக்க, அடுத்த இன்டர்வியூவுக்குப் புடவையில் போனார். வேலை கிடைத்தது. ஆள் சரியாக இருந்தால் உடுப்பு ரெண்டாம்பட்சம்!

வருமானமே இல்லைன்னாலும் ஒரு ஃபார்ம்

ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கலைன்னாலும் எஃப்-1 மாணவர்கள் வருஷா வருஷம் 8843 என்ற படிவத்தை வரித்துறைக்கு அனுப்பணும். சம்பளம் இருந்தால் ஏப்ரல் 15-க்குள் 1040-என்.ஆர் படிவம். இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவில் ஒரு சலுகை உண்டு. பொதுவாக வெளிநாட்டவருக்குக் கிடைக்காத ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் நமக்குக் கிடைக்கும். இதை விட்டா, பணத்தை விட்ட மாதிரி.

கிளாஸ்ரூம்: அமைதியா இருந்தா மார்க் போகும்

நம்ம ஊர்ல நல்ல ஸ்டூடன்ட்னா பேசாம கவனிக்கிறவங்க. அங்கே பேசினாதான் நீங்க கிளாஸ்ல இருக்கறதே தெரியும். பல பாடங்களில் அதுக்குத் தனி மார்க்கே உண்டு. முதல் நாள் கொடுக்கும் சிலபஸில் தேதி, மார்க், ஏ.ஐ பயன்படுத்தலாமா கூடாதா எல்லாம் இருக்கும். ஒரு ஒப்பந்தம் மாதிரி படிங்க. பக்கத்து ஆளோட அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதுவது அங்கே நட்பு இல்லை, ஒழுங்கு நடவடிக்கை. பேராசிரியர்கள் வாராவாரம் ஒதுக்கும் ஆபீஸ் அவர்ஸுக்குப் போங்க. தயங்காதீங்க. ரிசர்ச் அசிஸ்டன்ட் வாய்ப்பு பல நேரம் அந்தப் பத்து நிமிஷப் பேச்சில்தான் ஆரம்பிக்கும்.

'எங்களுக்கு எதுக்குங்க ஸ்வெட்டர்?'

ஊட்டி உறைபனியில வளர்ந்த ஆளுனு தெம்பா போவீங்க. நம்ம மலையில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கினாலே செய்தி. சிகாகோவில் 2019 ஜனவரி 30 அன்று மைனஸ் 30 டிகிரி செல்சியஸ்! நம்ம ஊர் ஸ்வெட்டர் குளிருக்குத் தாங்கும், அந்தக் காற்றுக்குத் தாங்காது. உள்ளே தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்று புகாத ஜாக்கெட்னு அடுக்கடுக்கா போடணும். ஜாக்கெட்டையும் பூட்ஸையும் அங்கே போய் வாங்குங்க.

குளிரைவிட இருட்டுதான் ஆளை அமுக்கும். டிசம்பரில் சிகாகோவில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைஞ்சுடும். செமஸ்டர் லீவு, ரூம்மேட் ஊருக்குப் போயிருப்பான். ஊர்லயோ ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கும் நேரம், ஹட்டியே ஒண்ணா கூடி நிற்கும். அந்த வீடியோ காலை வெச்ச பிறகு வரும் அமைதி இருக்கே... அது எல்லாருக்கும் வரும். ரெண்டு வாரமாகியும் தூக்கம், சாப்பாடு, படிப்பு மூணும் சரியாகலைன்னா கேம்பஸ் கவுன்சலிங் சென்டருக்குப் போங்க. இதனால் விசாவுக்குப் பிரச்னை வருமோனு பயப்படாதீங்க. உங்க பேச்சு ரகசியமாகத்தான் இருக்கும். மனசு ரொம்பத் தளர்ந்துபோனா 988-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம்.

உடம்புக்குனா, உயிருக்கு ஆபத்தென்றால் 911. காய்ச்சல், சுளுக்குக்கு எமர்ஜென்சி ரூம் ஓடாதீங்க, பில் மயக்கம் போட வைக்கும். கேம்பஸ் ஹெல்த் சென்டர் அல்லது 'அர்ஜென்ட் கேர்' போதும்.

பக்கத்து ஊர்த் தமிழ்ச் சங்கத்தைத் தேடிப் பிடிங்க. பொங்கல் அன்னைக்கு ஒரு வாழையிலைச் சாப்பாடும், 'எந்த ஊருப்பா நீ?'னு கேட்க ஒரு அக்காவும் கிடைப்பாங்க. 1987-ல் தொடங்கிய வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் கீழ் நிறைய ஊர்ச் சங்கங்கள் இருக்கு.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க!

* நுழைவு: ஐ-20 தேதிக்கு 30 நாளுக்குள்
* செவிஸ் பதிவு: படிப்பு தொடங்கிய 30 நாளுக்குள்
* முகவரி மாற்றம்: 10 நாளுக்குள்
* கேம்பஸ் வேலை: வாரம் 20 மணி நேரம்
* பாடச்சுமையைக் குறைக்கும் முன்: டி.எஸ்.ஓ அனுமதி
* 8843 படிவம்: வருஷா வருஷம்
* படிப்பு முடிந்ததும்: கிளம்பவோ, மாறவோ 60 நாள்

விதிகள் அடிக்கடி மாறுது. அதனால் எந்த முடிவுக்கு முன்னாடியும் டி.எஸ்.ஓ-வுக்கு ஒரு மெயில் போடுங்க, பதிலைப் பத்திரமா வைங்க. அப்புறம், இறங்கினதும் முதல் வேலையா வீட்டுக்கு போன் பண்ணுங்க. சிகாகோவில் ஆகஸ்ட் மாதம் காலை 10 மணின்னா சோலூர்ல ராத்திரி எட்டரை. அம்மா தூங்காமதான் காத்திருப்பாங்க.