பண்டத்தின் அளவில் ஒரு மனை: கொள்கலன் வீட்டின் வரலாறு

மனிதன் தனது மனையைப் பெரும்பாலும் கையருகே கிடைத்த பொருளைக் கொண்டே கட்டி வந்துள்ளான். ஆற்றுப்படுக்கையிற் களிமண்ணும், காட்டோரத்தில் மரமும் அவனுக்கு உதவின. இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே துறைமுகங்களில் மலிந்து கிடந்த பொருள் உருக்கினாலான கொள்கலன் ஆகும். அதுவும் மனையாயிற்று. ஆயின், களிமண்ணுக்கெனத் தனியளவு இல்லை. கட்டுபவன் விரும்பிய வடிவத்தை அது ஏற்கும். கொள்கலனின் அளவோ முன்னரே தீர்மானிக்கப்பட்டதொன்று. அதனைத் தீர்மானித்தோர் அதனுள் வாழ எண்ணியவரும் அல்லர்.

1956 ஏப்ரல் 26 ஆம் நாள், ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் பழைய எண்ணெய்க் கப்பல், 58 கொள்கலன்களைத் தன் மேற்றளத்திற் சுமந்துகொண்டு அமெரிக்காவின் நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இதனை ஒழுங்கு செய்த மால்கம் மக்லீன், லொறிப் போக்குவரத்திலே பொருளீட்டியவர். தொழிலாளர் மூட்டை மூட்டையாய் ஏற்றிய காலத்தில் தொன் ஒன்றுக்கு 5.86 டொலர் செலவாயிற்று. பெட்டி முறையில் அது 16 சதமளவிற்கு வீழ்ந்ததெனக் கணக்கிடப்பட்டது. 1968 இல் கொள்கலனின் அளவுகள் சர்வதேச நியமமாயின. எட்டடி அகலம் என்பது வீதியும் லொறியும் விதித்த எல்லை. உட்புற அகலமோ ஏறத்தாழ 2.35 மீற்றர் மட்டுமே. இரண்டு மீற்றர் நீளமான கட்டிலொன்றைக் குறுக்கே இட்டால் ஒருவர் நடந்து செல்லவும் வழியிராது.

இப்பெட்டியின் வலிமை அதன் நான்கு மூலைத் தூண்களிலே தங்கியுள்ளது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது பாரத்தைத் தாங்குவன அவையே. மடிப்புத் தகட்டுச் சுவர்கள் சட்டகத்தை நெளியாது காக்கின்றன. எனவே யன்னலுக்கும் கதவுக்குமாகச் சுவரை வெட்டுந்தோறும் வேறு உருக்குச் சட்டங்களால் ஈடுசெய்தல் வேண்டும். வெயிலில் அது கொதிக்கும். குளிரில் உட்சுவர் நீர்த்துளி கோக்கும். வெப்பத்தடைப் படலமிட்டால் முன்னரே குறுகிய அறை மேலும் குறுகும். மலிவென்று வாங்கிய பெட்டி, வீடாகி முடிகையில் அவ்வளவு மலிவாயிருப்பதில்லை. கொள்கலன்களை வாழிடமாக மாற்றும் முறையொன்றுக்கு பிலிப் கிளார்க் என்ற அமெரிக்கர் 1987 இல் விண்ணப்பித்து, 1989 இல் ஆக்கவுரிமை பெற்றார். இதனையே கொள்கலன் வீட்டின் தோற்றுவாயாகக் கொள்வோர் உளர். அது காகிதத்தின் வரலாறே எனலாம்.

அவ்வுரிமை வழங்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே, எவரது அனுமதியையும் வேண்டாது மக்கள் பெட்டிகளுக்குட் குடிபுகுந்திருந்தனர். 1988 டிசம்பர் 7 ஆம் நாள் ஆர்மீனியாவின் வடபாகத்தைப் பூகம்பம் தாக்கியது. ஸ்பிட்டாக் நகரம் தரைமட்டமாயிற்று. பின்னர் கியும்ரி எனப் பெயர் மாறிய லெனினகானிலே மாடிக் குடியிருப்புகள் சரிந்தன. குறைந்தது 25,000 பேர் மாண்டனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வீடிழந்தனர். கடுங்குளிர்காலம் அது. கொள்கலன்களும் கைவிடப்பட்ட புகையிரதப் பெட்டிகளும் தங்குமிடங்களாயின. ருஷ்ய மொழியில் ‘சிறு வீடு’ எனப் பொருள்படும் ‘டோமிக்’ என்ற பெயர் அவற்றுக்கு வழங்கலாயிற்று. இரண்டாண்டுகளில் நகரத்தை மீளக் கட்டித் தருவதாகச் சோவியத் அரசு வாக்களித்தது. 1991 இல் அவ்வரசே இல்லாதொழிந்தது. கரபாக் யுத்தமும் எல்லைகள் மூடப்பட்டமையும் எஞ்சிய நம்பிக்கையையும் கெடுத்தன. டோமிக்கிற் பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்து, மணமுடித்து, தம் பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தனர். முப்பது ஆண்டுகள் கடந்து 2018 இலும் பல குடும்பங்கள் அவற்றுள் வாழ்ந்தன. தற்காலிகம் என்ற சொல்லுக்கு முடிவுநாள் குறிக்கப்படாதவிடத்து நிகழ்வது இதுவே.

ஆம்ஸ்டர்டாமில் 2005 ஆம் ஆண்டளவில் எழுந்த கீட்வோனன் மாணவர் குடியிருப்பு வேறுவகையானது. ஏறத்தாழ ஆயிரம் அறைகள் கொண்ட அதுவும் ஐந்தாண்டுக்கெனத் தொடங்கி, அதன் பின்னரும் நீடித்தது. ஆயினும் மாணவனுக்குப் படிப்பு முடியும் நாள் உண்டு, அவன் வெளியேறுவான்.

2011 மார்ச் மாத ஆழிப்பேரலைக்குப் பின்னர், யப்பானின் ஒனகாவா நகரில் வீடமைக்கச் சமநிலம் கிடைப்பது அரிதாயிற்று. கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், பேஸ்போல் மைதானமொன்றிலே இருபதடிக் கொள்கலன்களை மூன்று மாடிகள் வரை அடுக்கி 189 வீடுகளை அமைத்தார். பெட்டியைப் பெட்டியோடு ஒட்டாது, சதுரங்கக் கட்டங்கள் போல் இடையிடையே வெற்றிடம் விட்டு அடுக்கினமையே அவர் கையாண்ட முறை. படுக்கையும் குளியலறையும் பெட்டிக்குள் அடங்கின. குடும்பத்தினர் கூடியிருந்து உண்ணும் இடமோ இரு பெட்டிகளுக்கு இடையிலான அவ்வெளியிலே, அகன்ற கண்ணாடி யன்னலின் அருகில் அமைந்தது.