எரிந்தானா, எரியவில்லையா? காவிரிக்கரையின் வசந்தப் பாட்டு

ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பது, ஜனவரி 28-இல் மூடுவது. 1934-இல் அணை எழுந்த பிறகு காவிரிப் படுகையின் பஞ்சாங்கம் இந்த இரண்டு தேதிகளுக்குள் அடங்கிப்போனது. தண்ணீர் பிந்தும் வருஷங்கள் உண்டு. ஆனாலும் தையில் சம்பா அறுப்பு, மாசியில் களம் காலி என்ற கணக்கு அணைக்கும் முந்தியது. அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈரவயலில் தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் அறுத்த தாளுக்கு நடுவே தானாக வளரும். மண்ணில் மிஞ்சிய ஈரமும் இரவுப் பனியும் அதற்குப் போதும். பத்தாயம் நிறைந்து கை ஓய்ந்திருக்கும் அந்த இடைவெளியில்தான் தஞ்சைக் கிராமங்கள் விடிய விடியப் பாட்டுக் கேட்க உட்கார்ந்தன. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது இலக்கணத்தின் பாகுபாடு. பாட்டின் வசந்தம் இங்கே மாசியிலேயே வந்துவிடும்.

வசந்தத்துக்கென்றே பாட்டு எழுதிக் குவிப்பவர்கள் ஜப்பானியர்கள். அங்கே பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது; செர்ரி மரங்கள் பூப்பதும் அந்த நாட்களில்தான். யூமி மட்சுடோயாவின் ‘ஹரு யோ, கோய்’ (1994), நவோதாரோ மொரியாமாவின் ‘சகுரா’ (2003), இகிமோனோககாரி குழுவின் ‘சகுரா’ (2006) என்று அவர்களுடைய பாப் பாட்டுகளில் பிரிவும் காத்திருப்புமே நிறைந்திருக்கின்றன. எந்த நாட்டிலும் பருவத்தின் பாட்டைத் தீர்மானிப்பது பூ மட்டுமல்ல, அந்தப் பருவத்தில் எந்த வேலை முடிகிறது என்பதும்தான். நெல் அறுத்து முடித்த காவிரிக்கரை வசந்தத்தில் விடைபெறவில்லை, வழக்காடியது.

அந்த வழக்கின் நாயகன் காமன் என்ற மன்மதன். சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் அவனுக்குக் கோட்டமே இருந்தது. காவிரி கடலில் கலக்கும் இடத்தருகே, சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற இரு பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுத பெண்கள் கணவரோடு இன்புற்றிருப்பார்கள் என்று தோழி தேவந்தி சொல்ல, அது தனக்குப் பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அதே நகரத்தில் சித்திரையில் தொடங்கும் இந்திர விழா முடியும் தறுவாயில், கோவலனும் மாதவியும் கடற்கரையில் யாழோடு அமர்கிறார்கள். அவன் கானல்வரி பாடுகிறான். அவள் பாட்டாலேயே பதில் சொல்கிறாள். அந்தப் பதிலில் உறவு முறிகிறது. காவிரியின் முகத்துவாரத்தில் வசந்தகாலத்துப் பாட்டு ஒன்றுக்கு எதிர்ப்பாட்டு எழுந்ததை இளங்கோ இப்படிப் பதிந்து வைத்திருக்கிறார். பின்னால் வந்த, எதிரெதிர் அணியாக அமர்ந்து பாட்டால் வாதிடும் லாவணிக்காரர்கள் சிலம்பைப் படித்துவிட்டுப் பாடியதாகச் சொல்ல முடியாது. ஆனால் பாடியவனுக்குப் பாட்டிலேயே பதில் தரும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

காமன் எரிந்த இடமும் இதே நாட்டில்தான். சிவனின் வீரச்செயல்களுக்குரிய அட்டவீரட்டத் தலங்கள் எட்டில் ஆறு காவிரிப் படுகையில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான மயிலாடுதுறை அருகே உள்ள திருக்குறுக்கை, நெற்றிக்கண் திறந்து காமனைச் சாம்பலாக்கிய தலம். அப்பர் பாடிய ஊர் அது.

தலபுராணத்தில் ஒரே நாளில் முடிந்த அந்தக் கதையைக் கிராமங்கள் ஆண்டுதோறும் நடத்திப் பார்த்தன. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை வாக்கில் ஊர்ப் பொதுவிடத்தில் கரும்பும் ஆமணக்கும் நடுவார்கள். வைக்கோல் பிரி சுற்றுவார்கள். அதுதான் காமன். பௌர்ணமி வரை அதன் முன்னால் ஒவ்வோர் இரவும் பாட்டு. ரதியாகவும் மன்மதனாகவும் ஆண்களே வேஷம் கட்டுவார்கள். பௌர்ணமி இரவில் காமனுக்குத் தீ மூட்டியதும் ரதி புலம்பல் தொடங்கும். அது ஒப்பாரியின் மெட்டு. சாவு வீட்டில் அழுது பழகிய பெண்கள் அதைக் கேட்டு மெய்யாகவே அழுதார்கள். மூன்றாம் நாள் காமன் மீண்டும் உயிர் பெறுவான்.

உயிர் பெற்றான் என்றால் எரிந்தானா, இல்லையா?

இந்தக் கேள்வியின் மேல்தான் தஞ்சை லாவணி நிற்கிறது. காமன் எரிந்தே போனான் என்று பாடுவது எரிந்த கட்சி. எரியவில்லை என்று பாடுவது எரியாத கட்சி. இரண்டு அணியும் எதிரெதிரே அமரும். ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் டேப், ஒற்றைத் தந்தியில் சுருதி சொல்லும் துந்தினா. பக்கவாத்தியம் பெரும்பாலும் இவ்வளவுதான். எரிந்த கட்சிக்காரர், முக்கண்ணனின் தீயில் தப்பியவர் எவர் என்று கேட்பார். எரிந்தவன் என்றால் உலகத்தில் ஆசை எப்படி மிஞ்சியது, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிபவன் சாம்பலா என்று எரியாத கட்சி திருப்பும். அங்கிருந்து பேச்சு எங்கே வேண்டுமானாலும் போகும். புராணத்தில் ஒரு கிளைக்கதை, பாரதத்தில் ஒரு பெயர், ஒரு விடுகதை, ஒரு கணக்கு. எதிராளிக்குப் பதில் தெரியாவிட்டால் கூட்டத்தின் முன்னால் மௌனம். அது தோல்வி.

மேடைக் கச்சேரியில் ரசிகர் தலையாட்டலாம். லாவணியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எந்தக் கிளைக்கதை சரி, எது இட்டுக்கட்டியது என்று திண்ணையில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் எட்டாத தெருக்களில் புராணமும் தர்க்கமும் இறங்கிய வழிகளில் இது முக்கியமானது. கச்சேரி வரலாற்றுக்கு ஒதுக்கிய பக்கங்களில் பத்தில் ஒரு பங்காவது தஞ்சை இதற்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

லாவணியின் வடிவம் வந்தது வடக்கிலிருந்து. 1676-இல் ஏகோஜி தஞ்சை அரியணை ஏறியதிலிருந்து 1855-இல் ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொண்டது வரை மராட்டியர் ஆட்சி. அவர்களோடு மராத்தி லாவணியும் வந்தது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மராத்தி லாவணிச் சுவடிகள் உண்டு. மகாராஷ்டிரத்தில் சக்தி பெரிதா, சிவன் பெரிதா என்று கல்கி, துரா என்ற இரு கட்சிகள் பாடி மோதுவது வழக்கம். மோதும் முறையைத் தஞ்சை எடுத்துக்கொண்டது. வழக்கு மட்டும் தன் ஊர்க் காமனுடையது. ஹோலிக்குத் தீ மூட்டும் பால்குனப் பூர்ணிமையும் காமனை எரிக்கும் பௌர்ணமியும் ஒரே நிலவாக அமைவது, அரண்மனையின் பாட்டு தெருவுக்கு இறங்க உதவியிருக்கும்.

தெருவில் வழக்கான வசந்தம் கச்சேரி மேடையில் ராகமாக நின்றது. திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதரும், நாகை அருகே நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியும் வசந்தா ராகத்துக்கு அழியாத உருப்படிகளைத் தந்தார்கள். சினிமா மன்மதனை விடவில்லை. 1944-இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தின் மன்மத லீலைப் பாட்டைப் பாடிய எம்.கே.தியாகராஜ பாகவதர் மாயவரம் எனப்பட்ட மயிலாடுதுறையில் பிறந்தவர். எழுதிய பாபநாசம் சிவன் நாகை அருகே போலகத்துக்காரர். திருக்குறுக்கைக்கு எட்டிய தூரத்து மனிதர்கள் இருவரும்.

கடல் கடந்தும் போனான் காமன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலையகத்துக்குக் காப்பித் தோட்டக் கூலிகளாகவும் பிறகு தேயிலைக்கும் சென்றவர்கள் அவனைக் கூடவே எடுத்துச் சென்றார்கள். அங்கே காமன் கூத்தில் தப்பு முழங்க, ரதி மன்மதனோடு தூதன், வீரபத்திரன், எமன் எல்லோரும் வருகிறார்கள். தேயிலைக்கு அறுப்பு முடிந்த ஓய்வு என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுக்கக் கொழுந்து உண்டு. ஆகவே பகலெல்லாம் மலையேறிப் பறித்துவிட்டு இரவில் ஆடினார்கள். வயலையும் காவிரியையும் விட்டு வந்தவர்கள் மாசியை மட்டும் விடவில்லை.

படுகையில் நிலைமை தலைகீழ். கதிர் அறுக்கும் எந்திரம் வந்தபின் மாசி ஓய்வு முன்னிலும் அதிகம். விடிய விடியத் திண்ணையில் உட்காரும் இளைஞர்கள்தான் இல்லை. திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். காமன் நடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பதில் சொல்லத் தெரிந்த லாவணி வாத்தியார்கள் குறைந்துவிட்டார்கள். 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் துறை இருக்கிறது. சரசுவதி மகாலும் அதே தஞ்சையில்தான். மராத்தி லாவணிக்குச் சுவடி இருப்பதுபோல், வாத்தியார் வீட்டுப் பரணில் கிடக்கும் தமிழ்ப் பாட்டு நோட்டுகளையும் படியெடுக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்கள் ஒரு பாடகரை மட்டும் உட்கார வைத்துப் பாடச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. எதிர்க்கட்சிக்காரரையும் அழைத்து வந்து, ஊரையும் கூட்டி, இரவு முழுக்க மோதவிட்டுப் பதிய வேண்டும்.