ஒடியற் கூழும் கூடியிருந்தோரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உணவு வகைகளுள் பிட்டும் இடியப்பமும் சம்பலும் அடுக்களைக்குரியவை. அவற்றை ஒருவர் விடியற்காலையில் தனியே இருந்து சமைத்து, வீட்டாரின் பசிக்கு ஆயத்தமாக வைத்துவிடலாம். ஒடியற் கூழ் முற்றத்துக்குரியது. பலர் கூடாத இடத்தில் அதனைக் காய்ச்சும் எண்ணமே எவருக்கும் எழுவதில்லை; இருவருக்கோ மூவருக்கோ எனச் சிறு சட்டியில் வைத்தால், அதில் இடவேண்டிய நண்டும் இறாலும் மீனும் கிழங்கும் காயும் கீரையும் ஒன்றுக்கொன்று இடங்கொடாமற் போய்விடும். ஆகவே இக்கூழின் சரித்திரத்தை எழுதப் புகுவோன், அயலவரும் சிநேகிதரும் ஓர் அடுப்பைச் சுற்றிக் கூடிய வழக்கத்தின் சரித்திரத்தையும் உடன் எழுத வேண்டியவனாகிறான்.

பனங்கிழங்கைத் தமிழர் உண்டு வந்த காலம் மிகப் பழையது. சோழன் நலங்கிள்ளியின் சேனைப் பெருக்கத்தைச் சொல்ல வந்த ஆலத்தூர் கிழார், முன்னே சென்ற படையினர் வழியிலுள்ள பனைகளின் நுங்கை உண்ண, இடையே சென்றவர் கனிந்த பழத்தை உண்ண, கடைசியில் வந்தவர் சுட்ட கிழங்கையே உண்டனர் என்று புறநானூற்றிலே பாடியிருக்கிறார். நுங்கு முற்றிக் கனியாகி, கனியின் கொட்டை மண்ணிற் புதைந்து முளைவிட்டுக் கிழங்காகும் வரையிலும் படை சென்றுகொண்டேயிருந்தது என்னும் அந்த உயர்வு நவிற்சியைக் கேட்டு மகிழ வேண்டுமானால், கேட்போர் பனையின் பருவங்களை நாள் தவறாது அறிந்தவராயிருந்திருத்தல் வேண்டும். அந்த அறிவு குடாநாட்டில் இன்றுவரை அற்றுப்போகவில்லை. 1850ஆம் ஆண்டில் பனையைப் பற்றித் தனி நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்ட வில்லியம் பெர்குசன், பனையின் பயன்களை 801 என எண்ணிய ‘தாலவிலாசம்’ என்னும் தமிழ்ச் செய்யுள் நூலை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆறென்று சொல்லத்தக்க ஆறொன்றும் இல்லாத, சுண்ணாம்புக் கற்பாறைமேல் மெல்லிய மண் படிந்த அந்நிலத்தில், நீர் வார்ப்பாரின்றித் தானே வளர்ந்து பலன் தரும் ஒரு மரத்தை மக்கள் அத்தனை நுணுக்கமாக எண்ணிப் பார்த்ததில் வியப்பில்லை.

ஆவணி புரட்டாசியில் விழும் பழத்தைப் பிசைந்து களியெடுத்தபின், கொட்டைகளை மணற்பாங்கான இடத்தில் அடுக்கிப் பாத்தியிட்டு விடுவார்கள். மாரி மழை அவற்றை நனைக்கும். தையும் மாசியும் வருகையில் பாத்தியைக் கிண்ட, ஒவ்வொரு கொட்டையின் கீழும் ஒரு கிழங்கு நீண்டிருக்கும். முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே வெண்மையாயிருக்கும் பூரானுக்காகப் பிள்ளைகள் அருகிலேயே காத்திருப்பர். கிழங்கை அவித்துக் கிழித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல். பச்சையாகவே கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். நன்கு காய்ந்த ஒடியல் மாதக்கணக்காகக் கெடாதிருக்கும். வேண்டும்போது உரலிலிட்டு இடித்து, அரிதட்டில் அரித்து மாவாக்கிக்கொள்ளலாம். மாவில் ஒரு கசப்பு உண்டு. அதனைத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் தெளிந்தபின் மேல்நீரை வடித்துவிட்டாலன்றி உண்ணுதல் தகாது. இந்தச் சிறு காரியத்தில் அவசரப்பட்டவர்களின் கூழ் எத்தனை நண்டு விழுந்தாலும் தேறாது. முதியோர் கூழ் காய்ச்சும் நாளில் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி, மா எப்பொழுது ஊறப்போட்டது என்பதே.

மூன்று கல்லின்மேல் ஏற்றிய பெரும்பானையினுள், தேசத்தின் சரித்திரமே வரிசைப்படி விழுவதைக் காணலாம். ஒரு கைப்பிடி அரிசியும், பலாக்கொட்டையும், பயற்றங்காயும் முதலில் வேகின்றன. இவையும் பனங்கிழங்கும் இம்மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்தவை. அவற்றோடு சேரும் மரவள்ளிக் கிழங்கோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது இலங்கையை வந்தடைந்தது. கூழுக்குச் சிவந்த நிறத்தையும், குடிப்போரின் நெற்றியில் வியர்வையையும் தரும் செத்தல் மிளகாயும் அக்கண்டத்ததே. போர்த்துக்கேயர் கீழ்த்திசைக் கடல்களுக்குள் வந்து, 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அந்தக் காலப் பகுதியை ஒட்டியே இவ்வூர்ச் சமையலில் அது வேரூன்றியது. அதற்கு முன் ஒரு கூழ் காய்ந்திருக்குமாயின் அதன் காரம் மிளகின் காரமாகவே இருந்திருக்கும். இன்றும் மிளகாயோடு மிளகையும் உள்ளியையும் மஞ்சளையும் சேர்த்தரைக்கும் வழக்கத்தில் அந்தப் பழஞ்சுவை ஒருவாறு தங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பின்னர்ப் பழப்புளிக் கரைசல். அதன்பின் நண்டு, இறால், கணவாய், மீன்தலை, நெத்தலிக் கருவாடு என அன்றைய கடல் கொடுத்தவை. ஈற்றிலேதான் தெளிந்த ஒடியல் மா கரைத்து ஊற்றப்படுகிறது. அது விழுந்த கணத்திலிருந்து அகப்பையை நிறுத்தலாகாது. ஒருவர் துழாவிக் களைத்தால் மற்றொருவர் வாங்கித் துழாவ வேண்டும். கூழ் தடித்து, கொதி மெல்லெழும்பும் வேளையில் முருங்கையிலையைத் தூவி இறக்குவார்கள்.

ஆடி முதல் நாளிற் காய்ச்சும் ஆடிக்கூழ் வேறு. அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த அந்த இனிப்புக் கூழ், நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாட்டினால் பள்ளிப் பிள்ளைகளெல்லாரும் அறிந்ததொன்று. அதற்குத் தேதியும் சம்பிரதாயமும் உண்டு. ஒடியற் கூழுக்கோ பஞ்சாங்கத்தில் இடமில்லை. குருநகரிலோ பாஷையூரிலோ நாவாந்துறையிலோ அன்று நல்ல நண்டு வந்திருக்கிறது என்னும் செய்தியும், ஒழிந்த ஒரு மாலைப் பொழுதும், மனமொத்த சிலரும் இருந்தாற் போதும்.

கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மனமொத்தோர் கூட்டத்துக்கு ஒரு புதிய காரணமும் ஏற்பட்டது. 1905ஆம் ஆண்டளவில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதப் பாதை பூர்த்தியானபின், எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் தபாற் கந்தோரிலும் உத்தியோகம் பார்த்த இளைஞர் பலர் ஆண்டில் பெரும்பகுதியைத் தென்னிலங்கையிலே கழித்து, லீவு கிடைக்கும்போது மட்டும் ஊருக்கு வந்து போயினர். வேறு பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். அங்கே சாப்பாட்டுக் கடைச் சோற்றையும், கூட்டாக வாடகைக்கெடுத்த அறையில் தாமே பொங்கியதையும் உண்டு நாட்களைக் கடத்தியவர்களுக்கு, ஊர் வந்தபோது பழைய பள்ளித் தோழரோடு சேர்ந்து ஒரு பானை கூழ் காய்ச்சிக் குடிப்பதே திரும்பி வந்ததற்கு அத்தாட்சியாயிற்று. வீட்டில் அகப்பை தொடாத ஆடவரும் அன்று விறகு கொத்துவர், நண்டு உடைப்பர், புளி கரைப்பர். உப்புப் பார்ப்பவர் பலராகையால் விவாதமும் பலமாகும். பெண்கள் கூடிக் காய்ச்சும் கூழும் உண்டு. அதில் கதை நீளுமேயன்றிக் கூழ் கட்டிபடுவதில்லை என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

இவ்வளவு சிறப்பாகச் சொல்லப்படும் அந்தக் கூட்டத்துக்கு வெளியே நின்றவர்களையும் சரித்திரம் சொல்லியாக வேண்டும். பனையில் ஏறி ஓலையும் பழமும் இறக்கித் தந்தவரும், வேலியடைத்துக் கொல்லை கொத்தியவரும், அதே முற்றத்தில் அதே பானையைச் சுற்றி உட்கார அநுமதிக்கப்படாத காலம் நெடியது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றுத் தீண்டாமை ஒழிப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக ஏற்றது; பாடசாலைகளில் சமமாக அமர்தல் என்ற எளிய நீதிக்கே அக்காலத்தில் கடும் எதிர்ப்பு மூண்டது. 1960களின் பிற்பகுதியிலும் தேநீர்க் கடைகளில் வேறு பாத்திரமின்றி, வேறு இடமின்றிப் பருகுவதற்காகப் போராட நேர்ந்தது; கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் அந்தப் போராட்ட காலத்தின் சாட்சியாக நிற்கிறது. கூழ் வார்த்துக் குடிக்கும் பிளா என்னும் பனையோலைக் கிண்ணம், உண்டபின் எறியப்படுவதாகையால், எவர் வாய்பட்டது என்ற கேள்வியையே இல்லாமற் செய்திருக்கக் கூடியது. அப்படிப்பட்ட ஒரு பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே வேற்றுமை பாராட்டிய நம் முன்னோரின் குற்றத்தை, கூழின் மணத்தைக் காட்டி மறைத்தல் ஆகாது.

பஞ்சகாலங்கள் இக்கூழின் சரித்திரத்தில் தனி அத்தியாயம். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி தடைப்பட்டு, இலங்கையெங்கும் பங்கீட்டு முறை வந்தபோது, ஒடியற் பிட்டையும் கூழையும் ஏழைகளின் உணவென்று ஒதுக்கியவர்களும் பனம்பாத்தியை நாடினர். 1990களில் பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் மருந்தும் உணவும் குடாநாட்டுக்கு அரிதாகி, 1995 ஒக்டோபர் இறுதியில் இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்த அந்தக் கொடுங்காலத்திலும் பனை கைவிடவில்லை. ஒரு வீட்டில் மா, ஒரு வீட்டில் பலாக்கொட்டை, ஒரு வீட்டில் கருவாடு எனக் கிடைத்ததைக் கிடைத்தவர் கொண்டுவந்து ஒரே பானையிலிட்டால், தனித்தனியே போதாதவை ஒன்றாய்ப் போதுமானவையாயின. சிநேகிதர் களிப்புக்காகக் கூடிய அதே முறையிலேயே அகதிகளும் கூடினர். வறுமைக்கு உதவிய சமையல் முறையும் விருந்துக்கு உதவிய சமையல் முறையும் ஒன்றாயிருந்ததே இக்கூழ் இத்தனை ஆட்சிகளைக் கடந்து நிலைத்ததற்குக் காரணம் என்று நான் உறுதியாய் நம்புகிறேன்.

1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் முயற்சியாலும், தனியார் வியாபாரத்தாலும், ஒடியல் மா இன்று பொதிகளில் அடைபட்டுக் கடல் கடந்து செல்கிறது. டொரொன்டோவிலும் இலண்டனிலும் கோடைக்காலம் பிறந்ததும், ஒரே ஊரவரும் ஒரே பள்ளியில் படித்தவரும் பொதுப் பூங்காக்களில் கூடிக் கூழ் காய்ச்சுகின்றனர். நண்டு உறைபனிப் பெட்டியிலிருந்து வருகிறது, முருங்கையிலை விமானத்தில் வருகிறது, மாவை ஊறவைக்கும் பக்குவத்தைத் தொலைபேசியில் தாயிடம் கேட்டுக்கொள்கிறார்கள். பிளாவுக்குப் பதிலாகக் காகிதக் கோப்பை வந்துவிட்டது. அதற்காக அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; ஆனால் குடாநாட்டிலேயே, பனை கண்ணெதிரே நிற்கும் வளவுகளிலேயே, ஓலைத்துண்டை விரித்து மடித்து நாரினாற் கட்டிச் சொட்டும் ஒழுகாமல் பிளா கோலத் தெரிந்தவர்கள் அருகி வருவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. ஓலையின் பச்சை மணம் சூடான கூழில் இறங்கும்போது உண்டாகும் ரசத்தைக் கோப்பை தராது. அந்தக் கைத்திறன் உடையோர் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் சிலர் உளர். அடுத்த முறை கூழுக்கு உலை வைப்போர், நண்டு வாங்க ஆளனுப்பும் அதே வேளையில் அவர்களுள் ஒருவரையும் அழைத்து, முற்றத்தில் அமர்த்தி, பிள்ளைகளை அவர் பக்கத்தில் இருத்திவிட வேண்டும்.