குடவோலையும் கடவுச்சொல்லும்: வீட்டுக் கணினிக்கான கடவுச்சொல் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு, நிலப் பத்திரங்களின் நகல், பிள்ளைகளின் சான்றிதழ், மறைந்த பெரியவர்களின் புகைப்படம் என எல்லாம் இன்று வீட்டுக் கணினியில் சேர்ந்திருக்கின்றன. இத்தனைக்கும் ஒரே பூட்டு, ஒரு கடவுச்சொல். வலுவான கடவுச்சொல் மறந்துபோகும், நினைவில் நிற்கும் கடவுச்சொல் எளிதில் உடைபடும் என்று பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலை, அதை நினைவில் வைக்கும் வேலை ஆகிய இரண்டையும் ஒரே மனத்திடம் கொடுப்பதால்தான் சிக்கல் பிறக்கிறது. தேர்வைக் குலுக்கலிடம் விட்டு, நினைவை மட்டும் மனம் ஏற்றால் வலிமையும் நினைவும் ஒருங்கே கைகூடும்.

1. மனிதத் தேர்வின் இயல்பு

பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979இல் யூனிக்ஸ் கணினிகளின் கடவுச்சொல் பாதுகாப்பைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகக் குறுகியவையாகவோ, சிற்றெழுத்து மட்டும் கொண்டவையாகவோ, அகராதிகளிலும் பெயர்ப் பட்டியல்களிலும் இருப்பவையாகவோ இருந்தன. முப்பது ஆண்டுகள் கழித்தும் நிலைமை மாறவில்லை. 2009இல் ராக்யூ என்ற இணைய நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் கசிந்தபோது, அவற்றில் முதலிடம் பிடித்தது 123456.

நம் வீடுகளிலும் இதே கதைதான். பிள்ளையின் பெயர், திருமண நாள், வண்டி எண், குலதெய்வம், பிடித்த நடிகர் ஆகியவற்றைத்தான் கை தானாகத் தட்டுகிறது. இவை நமக்கு அந்தரங்கமானவை. ஆனால் உறவினரும் அண்டை வீட்டாரும் அறிந்தவை. கசிந்த பட்டியல்களை வைத்து ஊகிக்கும் மென்பொருளுக்கும் இவை புதியவை அல்ல.

2. வலிமையின் கணக்கு

கணினி பொதுவாகக் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. திரும்பப் பிரிக்க முடியாதபடி உருமாற்றி வைக்கிறது. அந்த உருவின் நகல் கிடைத்துவிட்டால், திருடன் தன் சொந்தக் கணினியில் ஓய்வாக உட்கார்ந்து ஊகித்துப் பார்க்கலாம். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் தடை அங்கே கிடையாது. அவன் நொடிக்கு 1,000 கோடி முறை ஊகிப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். உருமாற்றும் முறையைப் பொறுத்து இந்த வேகம் மாறும். ஆயினும் மோசமான நிலைக்குக் கணக்கிடுவதே காவல்.

அ) ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 8: ஏறத்தாழ 20,883 கோடி வாய்ப்புகள். 21 நொடியில் அனைத்தும் தீர்ந்துவிடும்.

ஆ) பேரெழுத்து, எண், குறி எல்லாம் கலந்து குலுக்கி எடுத்த 8: எட்டு நாளுக்குள் தீரும்.

இ) 10,000 சொற்களிலிருந்து குலுக்கி எடுத்த 5 சொற்கள்: 317 ஆண்டுகள்.

ஈ) அவ்வாறே 6 சொற்கள்: 31 லட்சம் ஆண்டுகளுக்கு மேல்.

குறிகளின் விசித்திரத்தைவிட நீளமே வலிமை தருகிறது என்பது இதனால் புலப்படும்.

3. குறிகள் பற்றிய தவறான நம்பிக்கை

பேரெழுத்து, எண், குறி ஆகியவற்றைக் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற அறிவுரை பரவ, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி முக்கியக் காரணம். அதை எழுதிய பில் பர், அந்த அறிவுரைகளில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் கூறினார். அதே ஆண்டில் வந்த புதிய வழிகாட்டி, குறிகளைக் கட்டாயப்படுத்துவதையும் காரணமின்றி அவ்வப்போது மாற்றச் சொல்வதையும் கைவிட்டது. "எஸ்" எழுத்துக்கு டாலர் குறி, "ஓ" எழுத்துக்குச் சுழியம் போன்ற மாற்றங்களை ஊகிப்பு மென்பொருள் முதலிலேயே போட்டுப் பார்க்கும். இவை நினைவுக்குச் சுமையே தவிர, பூட்டுக்குப் பலம் அல்ல.

4. குடவோலை வழி

மனிதத் தேர்வில் சாய்வு இருக்கும் என்பதைத் தமிழ் மண் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் கலக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. கடவுச்சொல்லுக்கும் இதுவே நெறி. 1995இல் ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு வகுத்த டைஸ்வேர் முறை, பகடையை ஐந்து முறை உருட்டி 7,776 சொற்களில் ஒன்றை எடுக்கச் சொல்கிறது. அதைத் தமிழ் அகராதியோடு இவ்வாறு செய்யலாம்:

அ) 0 முதல் 9 வரை பத்துச் சீட்டு எழுதிச் செம்பில் இடுக. ஒவ்வொரு முறை எடுத்த பின்பும் சீட்டை உள்ளே போட்டுக் குலுக்குக.

ஆ) முதல் மூன்று சீட்டு பக்க எண். அகராதியில் அந்தப் பக்கம் இல்லையெனில் மீண்டும் எடுக்க. நான்காவது சீட்டு, அப்பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பது. சுழியம் வந்தால் பத்தாவது.

இ) பொருள் தெரியாத சொல்லைத் தள்ளலாம். பிடிக்காத சொல்லைத் தள்ளக் கூடாது. அங்கேதான் சாய்வு மீண்டும் நுழையும்.

ஈ) தள்ளுவதாலும் சிறிய அகராதியாலும் பட்டியல் சுருங்கும். அது 5,000 சொல்லாகச் சுருங்கினாலும் ஆறு சொல் 49,000 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். ஆகவே ஆறு சொல் எடுக்க.

கணினியின் நுழைவுத் திரையில் தமிழ் விசைப்பலகை எப்போதும் கிடைக்காது. எனவே ஆங்கில எழுத்துகளில் தட்டுவதே நடைமுறை. நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதா, ழகரத்தை எப்படி எழுதுவது என்பதை முதலிலேயே முடிவுசெய்து, அதை மாற்றாதிருக்க வேண்டும்.

5. நினைவில் நிறுத்தும் முறை

அம்மி, வழக்கு, தும்பி, கப்பல், ஊறுகாய், நிழல் என்று ஆறு சொல் வந்ததாகக் கொள்வோம். அம்மி வழக்குத் தொடுக்கிறது. சாட்சி சொல்லத் தும்பி கப்பலேறி வருகிறது. ஊறுகாய்ச் சாடி நிழலில் ஒதுங்கி வேடிக்கை பார்க்கிறது. வரிசை குலையாமல் காட்சி மனத்தில் பதிந்துவிட்டது. கதை எவ்வளவு விந்தையோ அவ்வளவு நிற்கும். அச்சில் வந்துவிட்ட இந்த ஆறு சொல்லை மட்டும் யாரும் பயன்படுத்த வேண்டாம்.

ஜோசப் பொன்னோ, ஸ்டூவர்ட் ஷெக்டர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கலில் வந்த ரகசியக் குறியீட்டைப் பங்கேற்றோர் பல நாள்களில் இடைவெளி விட்டுவிட்டுத் தட்டிப் பழகினர். அவர்களில் 94 விழுக்காட்டினர் அதை நினைவிலிருந்தே தட்டும் நிலையை எட்டினர். ஆகவே முதல் இரண்டு வாரம் அன்றாடம் சிலமுறை தட்டிப் பழகுவது போதும். அதுவரை தாளில் எழுதிப் பீரோவில் பூட்டி வைப்பது குற்றமல்ல. திரையின் ஓரத்தில் ஒட்டுவதே குற்றம்.

6. எல்லைகள்

ஒன்று, கணினிக்கு வைத்ததை வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ வைக்கக் கூடாது. ஓரிடத்தில் கசிந்தால் எல்லாக் கதவும் திறக்கும். இரண்டு, நுழைவுக் கடவுச்சொல் மட்டும் கோப்புகளைக் காக்காது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் அவற்றைப் படித்துவிடலாம். வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் வட்டு மறையாக்கத்தை இயக்கினால்தான் காவல் முழுமை பெறும். மூன்று, எந்தக் கடவுச்சொல்லும், கேட்டவரிடம் நாமே சொல்லிவிட்டால் காக்காது.

முடிவுரை

கடவுச்சொல் பலவீனமாவது நினைவாற்றல் குறைவதால் அல்ல, தேர்வு சாய்வதால். குலுக்கல் வலிமை தரும், கதை நினைவு தரும். இதற்கு வேண்டியவை ஓர் அகராதி, ஒரு செம்பு, பத்துச் சீட்டு, அரைமணி நேரம் மட்டுமே. இன்றிரவே வீட்டார் கூடி உட்காருங்கள். சீட்டு எடுக்கும் பொறுப்பை வீட்டுக் குழந்தையிடம் கொடுங்கள்.