கடல் கடந்த வாணிகமும் கள்ளாமை அறமும்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் தேசிய நூலகத்தில், எகிப்திலிருந்து கிடைத்த பழைய பாப்பிரஸ் ஏடு ஒன்று காக்கப்பட்டு வருகிறது. இரு பக்கமும் கிரேக்கத்தில் எழுதப்பட்ட இவ்வேடு கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது; அறிஞர் உலகிற்கு அறிமுகமானது 1985ஆம் ஆண்டில். அதில் நம் கண்ணை ஈர்க்கும் சொல் 'முசிறி'. சேரநாட்டுத் துறைமுகமாகிய அம்முசிறியேதான்.

ஏட்டின் ஒரு பக்கத்தில் காணப்படுவது கடன் ஒப்பந்தம். முசிறி வாணிகத்தின் பொருட்டுக் கடன் பெற்ற வணிகர் ஒருவர், தாம் கொணர்ந்த சரக்கைச் செங்கடல் துறையிலிருந்து ஒட்டகங்களின் மீது ஏற்றி, காவலுடன் பாலைவனம் கடந்து, நைல் நதிக்கரைக் கிடங்கில் சேர்ப்பதாக உறுதி கூறுகிறார். கிடங்கில் அச்சரக்கின்மீது கடன் கொடுத்தவரின் முத்திரை இடப்படும். பின்னர் அது ஆற்றுவழியே அலெக்சாந்திரியா சென்று, அங்கும் முத்திரையின் கீழேயே இருக்கும். தவணையில் கடன் தீராவிடில், வழக்குமன்றம் செல்லாமலேயே அச்சரக்கைக் கடன் கொடுத்தவர் கைக்கொள்ளலாம். மறுபக்கத்தில் 'ஹெர்மப்பொல்லோன்' என்னும் கப்பலில் வந்த கங்கைச் சடாமாஞ்சில், யானைத்தந்தம் ஆகியவற்றின் மதிப்பு கணக்கிடப்பட்டு, 1,154 தாலந்து 2,852 திராக்மா என்னும் பெருந்தொகையில் முடிகிறது. உரோமப் பேரரசு இத்தகைய சரக்கில் நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகக் கொண்டது.

இன்று வணிகவியலும் சட்டமும் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் 'பன்னாட்டு வணிகச் சட்டம்' என்ற தாளைத் திறந்தால் முதலில் எதிர்ப்படுபவை இவையே: வேறு வேறு நாட்டினர் செய்யும் ஒப்பந்தம், வழியில் சரக்குக்கு நேரும் இடர் யாரைச் சாரும் என்பது, கடனுக்கு ஈடு, எல்லையில் தரும் தீர்வை, பிணக்கு எழுந்தால் தீர்ப்பவர் யார் என்பது. பாடநூல்கள் பெரும்பாலும் இவற்றை இடைக்கால ஐரோப்பியச் சந்தைகளிலிருந்து தொடங்குகின்றன. அங்கிருந்து தொடங்குவதில் பிழையில்லை; அங்கிருந்து மட்டுமே தொடங்குவதுதான் குறை.

புகாரை எண்ணிப் பார்ப்போம். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உரிய பொதிகளின்மீது சோழனின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சிலப்பதிகாரமோ, புதியராய் வந்த வணிகர்தம் பெயரும் எழுத்தும் எண்ணும் குறிக்கப்பெற்ற பொதிகள் பூட்டும் காவலுமின்றி வெளியில் கிடந்ததையும், கவர எண்ணிய கள்வன் சுமையோடு சுற்றிச்சுற்றி அலைவதன்றிக் கொண்டுபோக இயலாமையையும் கூறுகிறது. பூதம் காக்கும் மன்றம் என்பது காப்பியக் கற்பனையாகுக. ஆயினும் பொதியின்மேல் பெயர், குறி, எண்ணிக்கை என்ற மூன்றும் இருந்தன என்னும் செய்தி கற்பனையன்று. இன்றைய கப்பல் சரக்குச் சீட்டிலும் 'குறியும் எண்ணும்' என ஒரு கட்டம் உண்டு. அடையாளம் இல்லாத பொருளுக்கு உரிமை கோர இயலாது என்ற நெறி அன்றும் இன்றும் ஒன்றே.

நம் முன்னோர் தடம் இதனினும் பழமையானது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைத்தளத்தில், கணிநந்தன் என்னும் சமண முனிவரின் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டுகளுக்கு இடையே, வெள்ளறை நிகமத்தோர் அளித்த கொடையும் பதிவாகியுள்ளது. நிகமம் என்பது வணிகர் கூட்டமைப்பு. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகனும் கொழு வணிகனும், புகழூரில் கருவூர்ப் பொன் வணிகனும் பெயர் பொறித்துள்ளனர். முனிவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த இவர்கள், தனியராய் அன்றித் தொழிற்பெயரோடும் குழுப்பெயரோடும் தம்மை அறிவித்துக்கொண்டது கருதத்தக்கது. அயலூரில் கடன் கேட்பவனுக்குப் பின்னால் நிற்பது அக்குழுவின் சொல்தான்.

இக்குழுக்களே பிற்காலத்தில் கடல் கடந்தன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் வைத்ததைக் கூறும். சுமத்திராவின் பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் சுவையானது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் அங்கே கூடி, அத்துறைக்கு வரும் மரக்கல நாயகர் முதலியோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னில் கட்டணம் செலுத்திய பின்னரே உட்புகவேண்டும் என முடிவு செய்தனர். அயல்மண்ணில், அரச ஆணையாக அன்றித் தம் அவையின் முடிவாக வணிகர் விதித்துக்கொண்ட விதி இது. ஐந்நூற்றுவர் அனைவரையும் சமணர் எனக் கூறிப் பெருமை கொள்ளும் ஆர்வம் நம் மலர்க் கட்டுரைகளில் அவ்வப்போது தலைகாட்டும். அது வரலாற்றோடு பொருந்தாது. சைவரும் வைணவரும் சமணரும் கலந்திருந்த குழு அது. கலந்திருந்தமையே அதன் வலிமை.

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு (கி.பி. 849) இக்கலப்பைக் கண்முன் நிறுத்துகிறது. வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறித்தவப் பள்ளிக்கு அளித்த உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்தாரிடமும் மணிக்கிராமத்தாரிடமும் ஒப்படைக்கப்பட்டது. சாசனம் வட்டெழுத்தில், சாட்சிக் கையொப்பங்களோ கூஃபிக் அரபியில் 11, பஹ்லவியில் 10, எபிரேய எழுத்தில் அமைந்த பாரசீக மொழியில் 4. ஒவ்வொருவரும் தத்தம் எழுத்தில் ஒப்பமிட, ஆவணம் செல்லுபடியாயிற்று.

ஆயினும் அயல் வணிகனின் பேரச்சம் சுங்கமன்று, கப்பல் உடைதலே. புயலில் திசைமாறிக் கரையொதுங்கிய கலத்தின் பொருள் முழுவதும் கரைக்குரிய அரசனுக்கே என்பது பல நாடுகளில் வழக்காயிருந்தது, ஐரோப்பாவிலும் அவ்வாறே. கடலில் தப்பியவன் கரையில் பறிகொடுத்தான். இதனை மாற்றிய ஆவணம் ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளியில் தூணாக நிற்கிறது. காகதீய மன்னர் கணபதிதேவர் சக ஆண்டு 1166இல் (கி.பி. 1244-45) வெளியிட்ட அபய சாசனம் அது. முன்னைய அரசர்கள் காற்றால் ஒதுங்கிய கலங்களின் பொன், யானை, குதிரை, மணி ஆகியவற்றைப் பறித்தனர் என அது ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறது. உயிரினும் பொருள் பெரிதென எண்ணிக் கடலேறும் வணிகர்பால் இரங்கி, வரையறுத்த சுங்கம் ஒழிய மற்றனைத்தையும் விட்டுவிடுவதாக அறிவிக்கிறது. அச்சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கர்ப்பூரம், பன்னீர், தந்தம், பவளம், மிளகு எனப் பொருள்தோறும் வீதமும் பொறிக்கப்பட்டுள்ளது.

உரோமத்தின் நான்கில் ஒன்றோடு இதனை ஒப்பிட்டு மகிழலாம். ஆனால் வீதத்தின் குறைவைவிட, அது கல்லில் எழுதிப் பொதுவில் நிறுத்தப்பட்டதே பெரிதென்பது என் கருத்து. சுங்க அதிகாரி மனம்போல் கேட்க இயலாது, தூண் நிற்கிறது. வணிக விதிகளையும் தீர்வைகளையும் ஒவ்வொரு நாடும் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் எனக் காட் உடன்படிக்கையின் பத்தாம் பிரிவு 1947இல் கூறியது இதனையே.

அரசனின் தூணும் குழுவின் அவையும் புறத்தே நின்று காப்பவை. அகத்தே நிற்கும் சட்டம் ஒன்றையும் நம் சமயம் வகுத்துள்ளது. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை அணுவிரதத்துக்குக் கூறும் ஐந்து அதிசாரங்களை வணிகச் சட்ட மாணவர் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. திருட்டுக்குத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், முறைகெட்ட நாட்டில் முறைமீறிக் கொள்ளல் கொடுத்தல், எடையும் அளவும் குறைத்தும் கூட்டியும் பயன்படுத்தல், போலிப் பொருளைக் கலத்தல் ஆகியவையே அவை. இவற்றுள் மூன்றாவதற்கு உரை கூறும் பூஜ்யபாதர், அத்தகைய நாட்டில் விலைமிக்க பொருளைச் சொற்பவிலைக்குப் பெற முயல்வதைச் சுட்டுகிறார். போர் நடக்கும் நாட்டிலிருந்து கள்ளவழியில் கனிமமும் வைரமும் வாங்குவதை இன்று உலக நாடுகள் தடைசெய்வதன் உட்பொருள் இதில் அடங்கியுள்ளது. திக்விரதமோ, இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று இல்லறத்தார் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்வது. கடல் வணிகம் நடந்த நாட்டில் இவ்விரதம் எவ்வளவு கடினமாயிருந்திருக்கும்!

கோபாலபுரத்திலிருந்து கிழக்கே சிறிது தொலைவு நடந்தால் மயிலாப்பூர். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டது இம்மயிலையின் நேமிநாதரை எண்ணியே. கடல் நெருங்கி வரவே, அத்திருமேனி மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பது நம் மரபு. பழைய துறைமுகத்தின் அண்டையில் வாழும் நம் இளைஞர்க்கு, இன்றைய சட்டத்தின் ஓரிடம் மட்டும் சற்று விளக்கப்படுதல் வேண்டும்.

கருவூர்ப் பொன் வணிகனின் ஊராகிய கரூரிலிருந்து இன்று மேசைவிரிப்பும் திரைச்சீலையும் ஜெர்மனிக்குச் செல்கின்றன. சரக்கில் குறை என ஜெர்மானியர் கூறினால், எந்நாட்டுச் சட்டம் செல்லும்? பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்கள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1980இல் அதே வியன்னா நகரில் உருவாயிற்று. ஜெர்மனி அதில் உறுப்பு. இந்தியா இன்றளவும் சேரவில்லை. ஒப்பந்தத்தில் 'இந்தியச் சட்டம்' என எழுதியிருந்தால் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் செல்லும். 'ஜெர்மானியச் சட்டம்' என்று மட்டும் எழுதினால், அதனுள் ஒரு பகுதியாக வியன்னா உடன்படிக்கையும் உடன் வந்துவிடும். கையொப்பமிடும் பலர் இதனை அறியார்.

பிணக்கைத் தீர்ப்பதற்கோ, ஐந்நூற்றுவர் அவைபோல் வணிகர் தாமே தேர்ந்த நடுவரை நாடுதல் இன்றும் விரும்பப்படுகிறது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்கும் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியா 1960இல் சேர்ந்தது. 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் அதற்கு உள்நாட்டு வடிவம் தருகிறது. 2012 செப்டம்பரில் பால்கோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நடுவர் மன்றத்தின் இருக்கை வெளிநாட்டில் அமைந்தால் அச்சட்டத்தின் முதற்பகுதி அதற்குப் பொருந்தாது எனத் தெளிவாக்கியது. ஆகவே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் 'இருக்கை: சிங்கப்பூர்' என்றிருப்பதும் 'இருக்கை: சென்னை' என்றிருப்பதும் ஒன்றல்ல. சிங்கப்பூர் என்றிருப்பின், அத்தீர்ப்பை நீக்கக் கோருவோர் செல்லவேண்டியது அந்நாட்டு நீதிமன்றத்துக்கே. சென்னையில் இருக்கும் சொத்தின்மீது அதனை நிறைவேற்ற வேண்டின் மட்டும், வென்றவர் தீர்ப்பையும் ஒப்பந்தத்தையும் ஏந்தி நம் உயர் நீதிமன்றத்தை நாடி வருவார்.